கேட்டால் சொல்வேன்: பால், வெள்ளை, காற்று, ஈரம்

போன இதழில் சிமோனிதேஸ் என்ற கிரேக்கக் கவிஞரைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இந்த மாதம் முழுக்கக் கிரேக்கர்களின் நினைவுச் சொற்கள்தான். வழக்கம்போல் கேட்டவர் பெயர் இல்லை, ஊர் மட்டும். ஒருமுறை பெயர்கள் இடம் மாறி அச்சாகி, அரியலூர்க்காரரின் கேள்விக்கு ஆரணிக்காரர் பாராட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

நினைவு, நினைப்பு, ஞாபகம் என்று நமக்குப் பல சொற்கள் இருக்கின்றன. பழைய கிரேக்கத்தில் எத்தனை?
— திண்டுக்கல்

வேர் ஒன்று, கிளைகள் நிறைய. வேர் ‘ம்னா’. நம் வாய்க்குச் சற்று முரண்டு பிடிக்கும். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பது நம் இலக்கணம். சமயக் கல்லூரியில் நான் கிரேக்கம் படித்த இரண்டு ஆண்டும் எங்கள் வகுப்பே ‘மினேமே’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆசிரியர் கோபிக்க மாட்டார். “உதட்டை மூடிக்கொண்டே ஆரம்பியுங்கள்” என்பார். (நான் குருவாகவில்லை. படிப்பை விட்டுவிட்டுச் சென்னையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தப் போனேன். முப்பத்தொரு வருடம். கிரேக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.) சமஸ்கிருதத்தில் வேதத்துக்கு ‘ஆம்நாயம்’ என்று ஒரு பெயர் உண்டல்லவா, அதில் இருக்கும் வேரும் இந்த ‘ம்னா’வும் பங்காளிகள்.

கிளைகளில் இரண்டைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று ‘ம்னேமே’, மற்றொன்று ‘அனாம்னேசிஸ்’. பிரித்துக் காட்டியவர் அரிஸ்டாட்டில். இந்த இரண்டு சொற்களையும் தலைப்பிலேயே வைத்து ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். ஒரு மதிய நேரத்தில் படித்து முடித்துவிடலாம், புரிந்துகொள்ளத்தான் வருடங்கள் ஆகும். ம்னேமே என்பது உள்ளே இருப்பு இருப்பது. மெழுகில் முத்திரை பதிந்த மாதிரி, நடந்து முடிந்த ஒன்றின் பதிவு. அனாம்னேசிஸ் என்பது தொலைந்ததைத் தேடி எடுப்பது. முதலாவது விலங்குகளுக்கும் உண்டு என்கிறார். தெருநாய் தன்னைக் கல்லால் அடித்தவனை மறுநாள் அடையாளம் காண்கிறதே, அது ம்னேமே. ஆனால் எந்த நாயும் திண்ணையில் உட்கார்ந்து, “அவனை எங்கே பார்த்தோம், அன்று மழையா வெயிலா” என்று யோசித்து வரிசையாகப் பின்னால் போவதில்லை. அதற்கு ஒன்றிலிருந்து ஒன்றை ஊகிக்கும் அறிவு வேண்டும், ஆகவே அது மனிதனுக்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி.

அப்படிப் பின்னால் போவதற்கு அவர் தரும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவருக்கு ஒரு பருவகாலத்தின் பெயர் நினைவுக்கு வர வேண்டும். அவர் பாலில் தொடங்குகிறார். பால் வெள்ளையைக் கொண்டுவருகிறது. வெள்ளை காற்றை, காற்று ஈரத்தை. ஈரத்தைத் தொட்டதும் தேடிய இலையுதிர்காலம் கிடைத்துவிடுகிறது. ஒத்தது, எதிரானது, பக்கத்தில் இருந்தது, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் வழி.

போன மாதம் நானே அப்படி நடந்து பார்த்தேன். கல்லூரி விடுதியில் ஞாயிறு மாலைகளில் ஒரு தின்பண்டம் தருவார்கள். உருண்டை, உள்ளே வெல்லமும் பருப்பும், மேலே மாவில் முக்கிப் பொரித்தது. உருவம், மணம், விரலில் ஒட்டும் எண்ணெய் எல்லாம் வருகிறது, பெயர் வரவில்லை. ஞாயிறு, விடுதி, சமையல்காரர், அவர் பொட்டலம் கட்டிய பழைய பத்திரிகைத் தாள், அதில் பாதி தெரிந்த சினிமா விளம்பரம் என்று அரிஸ்டாட்டில் சொன்னபடியே போனேன். விளம்பரத்தில் இருந்த படத்தின் பெயர்கூட வந்துவிட்டது. பண்டத்தின் பெயர் மட்டும் வரவில்லை. வீட்டில் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் அது அனாம்னேசிஸ் ஆகாதே.

இன்னொரு செய்தி. எதையும் சட்டென்று கற்றுக்கொள்கிறவர்கள் தேடி எடுப்பதில் கெட்டிக்காரர்களாகவும், மெதுவாகக் கற்கிறவர்கள் வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்களாகவும் இருப்பார்கள் என்கிறார். மிகச் சிறியவர்களுக்கும் கிழவர்களுக்கும் நினைவு பலவீனம் என்றும் சொல்கிறார்: ஒருவர் வளர்ந்துகொண்டே இருக்கிறார், மற்றவர் தேய்ந்துகொண்டே இருக்கிறார், ஓடுகிற தண்ணீரில் முத்திரை பதியுமா? எழுபத்தொரு வயதில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது.

“என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்” என்று நற்கருணையில் கேட்கிறோம். மூலத்தில் என்ன சொல்?
— நாகர்கோவில்

அதே அனாம்னேசிஸ்தான். ‘எயிஸ் தேன் எமேன் அனாம்னேசின்’. லூக்கா நற்செய்தியிலும், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலும் வருகிறது. மத்தேயு, மாற்கு இருவரும் அதே இரவு உணவைச் சொல்கிறார்கள், ஆனால் இந்த வாக்கியம் அவர்களிடம் இல்லை. தமிழில் ‘நினைவுகூர்தல்’ என்று போட்டவர்களை நான் மனதுக்குள் பலமுறை கும்பிட்டிருக்கிறேன். வெறும் ‘நினைக்கும்படி’ என்று போட்டிருந்தால் அந்தச் சொல்லில் இருக்கும் முயற்சி போயிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மாற்கு பதினான்காம் அதிகாரத்தில், பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நளதத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். முந்நூறு தெனாரியத்துக்கு மேல் விற்றிருக்கலாமே என்று மற்றவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவரோ, உலகில் எங்கெங்கே இந்த நற்செய்தி அறிவிக்கப்படுமோ அங்கெல்லாம் இவள் செய்தது இவளுடைய ‘ம்னேமொசுனோன்’ ஆகச் சொல்லப்படும் என்கிறார். நினைவுச் சின்னம் என்று பொருள். இப்படி வாக்குக் கொடுத்த அதே பக்கத்தில் அவள் பெயரை எழுத மாற்கு மறந்துவிட்டார், அல்லது அவருக்குத் தெரியவில்லை. யோவான்தான் மரியாள் என்கிறார். மெய்ப்புத் திருத்துபவனாக இருந்திருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கற்பது என்பதே முற்பிறவியில் அறிந்ததை நினைவுகூர்வதுதான் என்று சாக்ரடீஸ் சொன்னாராமே. நம்பும்படி இருக்கிறதா?
— மதுரை

பிளேட்டோ எழுதிய ‘மெனோன்’ என்ற உரையாடலில் வருகிறது. தெரியாத ஒன்றை எப்படித் தேடுவாய், கண்டுபிடித்தாலும் அதுதான் இது என்று எப்படி அறிவாய் என்று மெனோன் மடக்குகிறான். நல்ல மடக்கு. அதற்குச் சாக்ரடீஸ், ஆன்மா எல்லாவற்றையும் முன்பே கண்டிருக்கிறது, தேடுவதும் கற்பதும் முழுக்க அனாம்னேசிஸ் என்கிறார். காட்டு என்கிறான் மெனோன். அவனுடைய அடிமைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, மண்ணில் ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப்போல் இரண்டு மடங்கு பரப்பு வேண்டும், பக்கம் எவ்வளவு? பையன் யோசிக்காமல் 4 என்கிறான். அது 16 ஆகிவிடுகிறது. 3 என்கிறான். அது 9. வேண்டியது 8. அங்கே பையன் சொல்கிறான்: “ஜீயஸ் மேல் ஆணை, சாக்ரடீஸ், எனக்குத் தெரியவில்லை.”

பிறகு மூலைவிட்டம் வரைந்து, அதன் மேல் எழுப்பிய சதுரம் 8 என்பதைப் பையன் வாயாலேயே சொல்ல வைக்கிறார். இது நினைவுகூர்தலா, கேள்வியிலேயே விடையை மடித்துக் கொடுத்ததா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. பையன் பேசுவதில் பெரும்பாலும் “ஆம்”தான். ஆனால் அந்த “தெரியவில்லை” இருக்கிறதே, அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நேற்று வரை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் இப்போது தேடத் தயாராகிவிட்டான் என்று சாக்ரடீஸும் அந்த இடத்தில்தான் மெனோனைத் திரும்பிப் பார்க்கிறார். முற்பிறவியை விட்டுவிடுங்கள், அந்த ஓர் இடத்துக்காகப் படிக்கலாம். பையனின் பெயரை இங்கும் யாரும் சொல்லவில்லை.

சிமோனிதேஸ் கோஸ் தீவில் பிறந்தவர் என்று போன இதழில் எழுதினீர்கள். அவர் கேயோஸ் தீவுக்காரர். கோஸ், மருத்துவர் ஹிப்போக்ரடீஸின் ஊர். நினைவாற்றல் பற்றி எழுதும்போதே இப்படி மறந்தால் எப்படி?
— சேலம்

தலை குனிகிறேன். அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பலாம், அச்சகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு அந்த வசதி இல்லை. கையெழுத்துப் படியிலேயே கோஸ் என்றுதான் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டேன். கேயோஸ் அத்திகா நிலத்துக்குப் பக்கம், கோஸ் ஆசியக் கரைக்குப் பக்கம், நடுவில் ஒரு கடலே இருக்கிறது.

போன இதழைப் பார்க்காதவர்களுக்கு: தெசாலியில் ஸ்கோபாஸ் என்ற செல்வர் தம்மைப் புகழ்ந்து பாடச் சிமோனிதேஸை அமர்த்துகிறார். கவிஞர் பாட்டில் இரட்டைத் தெய்வங்களான காஸ்டர், பொலுக்ஸ் புகழையும் நிறையச் சேர்த்துவிட்டார். பாதிக் கூலிதான் தருவேன், மீதியை அந்த இரட்டையரிடம் வாங்கிக்கொள் என்கிறார் ஸ்கோபாஸ். விருந்து நடக்கும்போது, வாசலில் இரண்டு இளைஞர்கள் உங்களைத் தேடுகிறார்கள் என்று ஆள் வந்து சொல்ல, கவிஞர் வெளியே போகிறார். யாரும் இல்லை. அதற்குள் கூரை இடிந்து உள்ளே இருந்த அத்தனை பேரும் அடையாளம் தெரியாமல் நசுங்கிவிட்டார்கள். யார் எங்கே சாய்ந்திருந்தார்கள் என்ற நினைவை வைத்தே ஒவ்வோர் உடலையும் உரிய குடும்பத்துக்குக் காட்டிக் கொடுத்தாராம். இடத்தைப் பிடித்தால் பொருள் வரும் என்னும் நினைவுக் கலை இப்படிப் பிறந்தது என்று ரோமானியப் பேச்சாளர் சிசெரோ சொல்கிறார். பேச்சுக்கலை ஆசிரியரான இன்னொரு ரோமானியர் குயிண்டிலியன் இரட்டையர் வந்த கதையை நம்பவில்லை. நானும் நம்பவில்லை, ஆனால் கல்யாணப் பந்தியில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்று பத்து வருடம் கழித்துச் சொல்லும் பெரியம்மாக்களைப் பார்த்திருப்பதால் கலையை நம்புகிறேன்.

உங்கள் கடிதத்துக்கு இன்னொரு நன்றி. உறையைக் கிழிக்கும்போது, எந்தத் தேடலும் இல்லாமல், சுசியம் என்ற சொல் வந்து விழுந்தது. விடுதிப் பண்டம் அதுதான்! இதையும் அரிஸ்டாட்டில் விட்டுவைக்கவில்லை. தேடுவதை நாம் நிறுத்தினாலும் உள்ளே கிளப்பிவிட்ட ஓட்டம் நிற்பதில்லை என்கிறார்.

எழுத்து வருவதற்கு முன் சட்டத்தையும் தீர்ப்பையும் யார் நினைவில் வைத்திருந்தார்கள்? நான் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்.
— திருச்சி

உங்கள் பணிக்கு முன்னோர் இருக்கிறார்கள். ‘ம்னேமோன்’ என்று பெயர், நினைவில் வைப்பவர். கிரீட் தீவில் அதையே ‘ம்னாமோன்’ என்பார்கள். அங்கே கோர்த்தின் நகரத்துச் சட்டக் கல்வெட்டில் நீதிபதிக்குப் பக்கத்தில் ஒரு ம்னாமோன் இருக்கிறார். முன்பு நடந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு அவர் வாய்தான் ஆவணம்.

அதைவிடச் சுவையான ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 500ஐ ஒட்டி, கிரீட்டில் ஒரு வெண்கல வயிற்றுக்கவசத்தின் இரண்டு பக்கமும் பொறித்த வேலை ஒப்பந்தம். ஸ்பென்சிதியோஸ் என்பவருக்கும் அவர் சந்ததிக்கும் நகரம் வேலை கொடுக்கிறது. என்ன வேலை? நகரத்துக்காக, தெய்வ காரியங்களிலும் மனித காரியங்களிலும், ஃபினீசிய எழுத்தில் எழுதுவது, கூடவே நினைவில் வைப்பது. இரண்டு வினைச்சொற்கள், ஓர் ஆள். எழுதத் தெரிந்த பிறகும் நினைவில் வைக்கிற பொறுப்பை அவர்கள் கழற்றிவிடவில்லை. சம்பளத்தில் ஐம்பது குடம் புதுத் திராட்சைச் சாறும் சேர்த்தி. ஓய்வூதியம் பற்றிப் பேச்சில்லை, வேலையே பரம்பரை.

பொதுமன்னிப்பைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களுக்கு ‘மறதி’ என்பதுதான் மூலப்பொருளாம். மன்னிப்பும் மறதியும் ஒன்றா?
— கோயம்புத்தூர்

ஒன்றல்ல என்பதை ஏதென்ஸ்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். கி.மு. 404இல் ஸ்பார்டாவிடம் தோற்றபின் ‘முப்பதின்மர்’ என்ற கும்பல் ஆட்சிக்கு வந்தது. சில மாதங்கள்தான். அதற்குள் 1,500 பேரைக் கொன்றார்கள். மறு வருடம் மக்களாட்சிக்காரர்கள் போரிட்டுத் திரும்பினார்கள். பழிவாங்கத் தொடங்கினால் ஊர் மிஞ்சாது. எல்லாரும் ஒரு சத்தியம் செய்தார்கள்: ‘ஊ ம்னேசிகாகேசோ’. “தீமையை நினைவில் வைத்துக் கிளற மாட்டேன்.” முப்பதின்மருக்கும் அவர்களுக்கு நேரடியாக அடியாள் வேலை பார்த்த சில அதிகாரிகளுக்கும் மட்டும் விலக்கு. மறதி என்று பொருள்படும் ‘அம்னேஸ்தியா’ என்ற சொல் இந்த ஏற்பாட்டின் மேல் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது.

கவனியுங்கள், “மறந்துவிடுவேன்” என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. அப்படிச் செய்யவும் முடியாது. மறதி நம் கையில் இல்லை. நினைவைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வர மாட்டேன் என்றுதான் சத்தியம். முதலில் அதை மீறப் பார்த்த ஒருவனை, அர்கினோஸ் என்ற தலைவர் ஆட்சிமன்றத்தின் முன் நிறுத்தி, விசாரணையே இல்லாமல் மரண தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டார். பிறகு யாரும் வாய் திறக்கவில்லை என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல். மறக்கச் சொல்வதற்கும் ஒரு பிணம் தேவைப்பட்டிருக்கிறது.

ஏதென்ஸுக்கு இது புதிதல்ல. கி.மு. 494இல் அவர்களுடைய உறவு நகரமான மிலேத்தோஸைப் பாரசீகர் அழித்தார்கள். ஃப்ரூனிகோஸ் என்ற நாடகாசிரியர் அதையே நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அவருக்கு 1,000 திராக்மா அபராதம் போட்டார்கள், அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாது என்றும் தடை. வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் சொல்லும் குற்றச்சாட்டு: எங்கள் சொந்தத் துயரங்களை எங்களுக்கு நினைவூட்டினார். அந்த வினைச்சொல்லும் அனாம்னேசிஸின் உடன்பிறப்புத்தான். நாடகம் இன்று இல்லை.

‘உண்மை’ என்பதற்கான கிரேக்கச் சொல்லில் மறதி ஒளிந்திருக்கிறதாமே?
— தஞ்சாவூர்

‘அலேத்தேயா’. ‘அ’ என்பது இன்மை, ‘லேத்தே’ என்பது மறதி. மறைந்திராதது என்றும் கொள்ளலாம், மறக்கப்படாதது என்றும் கொள்ளலாம். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்; கடல் கிழவர் நெரெயுஸ் ஏன் உண்மையானவர் என்று பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோது பாடும்போது, நெறிமுறைகளை அவர் மறப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் காரணம் சொல்கிறார்.

இறந்தவர்கள் லேத்தே நீரைக் குடித்து எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் என்று படித்தேன். குடிக்காமல் தப்ப வழி இல்லையா?
— யாழ்ப்பாணம்

இருக்கிறது, வழிகாட்டிச் சீட்டே கிடைத்திருக்கிறது. தெற்கு இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய ஹிப்போனியோனில் ஒரு பெண்ணின் கல்லறையில், கி.மு. 400ஐ ஒட்டிய மெல்லிய பொன் தகடு ஒன்றை 1969இல் எடுத்தார்கள். மடித்து வைத்திருந்தார்கள். அதில் எழுதியிருப்பதன் சாரம்: பாதாளத்தில் வலப்பக்கம் ஒரு ஊற்று இருக்கும், அருகே ஒரு வெள்ளை சைப்ரஸ் மரம் நிற்கும். அந்த ஊற்றின் பக்கம் போகாதே. கொஞ்சம் தள்ளி ‘ம்னேமொசுனே’யின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் ஓடும். காவலர் உன்னை விசாரிப்பார்கள். “நான் மண்ணுக்கும் விண்மீன் நிறைந்த வானுக்கும் பிள்ளை. தாகத்தில் காய்ந்து சாகிறேன். நினைவின் ஏரியிலிருந்து தண்ணீர் கொடுங்கள்” என்று சொல்.

ஏற்கெனவே செத்துப்போனவள் தாகத்தால் சாகிறேன் என்கிறாள். எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை வறளும் இடம் அது.

இதேபோன்ற தகடு பெத்தேலியாவிலும் கிடைத்திருக்கிறது. அதில் ஊற்று இடப்பக்கம் என்று இருக்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டு எழுதாதீர்கள்; மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கடிதம் போட்டுவிட்டேன், பதில் இல்லை. மறந்துவிட்டீர்களா? என் கேள்வி: ஹோமரின் ஒடிசி காவியத்தில், டிராய்ப் போருக்குப் போன கணவன் ஒடிசியஸ் திரும்பாதிருக்க, பெனலபியை மணக்க வந்து தங்கியிருப்பவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் நினைவுக்கும் தொடர்பு உண்டா?
— காரைக்குடி

மறக்கவில்லை. மூன்றும் மேசையில்தான் இருக்கின்றன, பதில்தான் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

அவர்கள் ‘ம்னேஸ்தேரெஸ்’. 108 பேர். ‘ம்னா’ என்ற அதே வேரிலிருந்து பிறந்த வினைக்கு ஒன்றில் மனம் வைத்தல் என்று பொருள். அது ஒரு பெண்ணின் மேல் மனம் வைத்தலாகி, பெண் கேட்டலாகவும் ஆகிவிட்டது. ‘உன் நினைப்பாகவே இருக்கிறேன்’ என்று நம் ஊரில் காதலர்கள் எழுதும் கடிதத்திலிருந்து அதிக தூரமில்லை.

முதல் காண்டத்தில் கூடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்க, பாணன் ஃபெமியோஸ் டிராயிலிருந்து கிரேக்கர் திரும்பிய கதையைப் பாடுகிறான். மேல்மாடியிலிருந்து பெனலபி இறங்கி வருகிறாள். முக்காட்டைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்தபடி தூணருகே நின்று, வேறு பாட்டுப் பாடு என்று அழுகிறாள். ஏன் என்றால், எப்போதும் அந்த ஒருவரை நினைத்துக்கொண்டே அவர் முகத்துக்காக ஏங்குகிறேன் என்கிறாள். ‘நினைத்துக்கொண்டே’ என்ற இடத்தில் ஹோமர் போட்டிருக்கும் சொல் ‘மெம்னேமெனே’. அதே ‘ம்னா’. கூடத்தில் இருக்கும் 108 பேரின் பெயரிலும் அதுதான் இருக்கிறது.